எதிரொலில காணாம போன முத்து: அயல்நாட்டு இலக்கியப் பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அயல்நாட்டு இலக்கியத் தாளுக்குப் பாடம் வகுக்கிற போர்டு ஆஃப் ஸ்டடீஸ் அய்யாமார்களுக்கும் அம்மாமார்களுக்கும் அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

நான் கீழக்கரைக்காரன். பதினோரு வருஷம் குவைத்துல ஒரு காய்கறி கம்பெனில ஸ்டோர் கீப்பரா இருந்தேன், ஆள் பத்தாத நாள்ல லோடு வண்டியோட போறதும் நம்ம வேலைதான். ஊருக்கு வந்து செட்டில் ஆனப்புறம் நாப்பத்தி நாலு வயசுல தொலைதூரக் கல்வில எம்.ஏ. தமிழ் சேர்ந்தேன். எந்த யுனிவர்சிட்டின்னு எழுதல, ஒரு இடத்தை மட்டும் குத்தம் சொல்றது என் நோக்கம் இல்ல, வேற இடத்துல படிக்கிற ரெண்டு மூணு பேரோட மெட்டீரியல வாங்கிப் பாத்தேன், எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கு. அதான் உங்க எல்லாருக்கும் சேத்து பொதுவா எழுதுறேன்.

எங்க மெட்டீரியல்ல "நவீன அரபு இலக்கியம்"னு ஒரு அலகு இருந்துச்சு. அந்தத் தலைப்ப பாத்தப்ப எனக்கு வந்த சந்தோஷத்த சொல்லி முடியாது. பதினோரு வருஷம் அந்த மொழிய காதுல கேட்டுட்டு, "யல்லா", "பாச்சர்", "மாஃபி முஷ்கில்"னு வேலைக்கான நாலு வார்த்தையோட வாழ்ந்துட்டு வந்தவனுக்கு, அந்த ஆளுங்க கதை எழுதுவாங்க கவிதை எழுதுவாங்கன்னு யாருமே சொன்னதில்ல. புக்கைத் திறந்தா ஆயிரத்தொரு இரவுகள்லேருந்து ரெண்டு கதை, கலீல் ஜிப்ரானோட தீர்க்கதரிசி, பாலஸ்தீனக் கவிஞர் மஹ்மூத் தர்வீஷோட அடையாள அட்டைங்கிற கவிதை, பாலஸ்தீன எழுத்தாளர் கஸ்ஸான் கனஃபானி நாவல்லேருந்து கடைசிப் பகுதி, ஈராக் கவிஞர் பத்ர் ஷாகிர் அல் சய்யாபோட மழைப்பாட்டுங்கிற கவிதை. அவ்வளவுதான். யார் மொழிபெயர்த்தது, எந்த மொழிலேருந்து, எந்த வருஷம் எழுதினது, ஒரு விவரமும் இல்ல.

ஆயிரத்தொரு இரவுகள் எப்படி நவீனம் ஆகும்னு நீங்கதான் சொல்லணும். தீர்க்கதரிசி அதைவிட வேடிக்கையான... இல்ல, வேடிக்கைன்னு சொல்லக்கூடாது, வருத்தமா இருக்கு. ஜிப்ரான் அந்தப் புக்கை இங்கிலீஷ்லதான் எழுதினாரு, 1923ல நியூயார்க்ல வந்துச்சு. லெபனான்காரர்ங்கிறதுக்காக அது அரபு இலக்கியம் ஆயிடாதுங்க. அவர் அரபில எழுதினது வேற, 1912ல வந்த முறிந்த சிறகுகள் இருக்கு, அதைப் போட்டிருக்கலாம். மொழிபெயர்ப்புல ஒரு இலக்கியத்த படிக்கிறோம்னா மொத கேள்வியே "எந்த மொழிலேருந்து?"ங்கிறதுதானே, அந்தக் கேள்விய யாரோ ஒருத்தர் கேட்டிருந்தாக்கூட இது அந்த அலகுக்குள்ள வந்திருக்காது.

சரி, அத விடுங்க. நான் இந்த மடல் எழுத உக்காந்ததே சய்யாபோட மழைப்பாட்டுக்காகத்தான்.

சய்யாப் 1926ல ஈராக்குல பஸ்ரா பக்கத்துல ஜெய்கூர்ங்கிற கிராமத்துல பொறந்தவரு. கொஞ்ச காலம் நாட்ட விட்டு ஓடி குவைத்துல இருந்தாரு, கடைசில 1964ல செத்ததும் குவைத்து ஆஸ்பத்திரிலதான், அப்ப அவருக்கு 38 வயசு தான். நான் அந்த ஊர்ல அவ்வளவு வருஷம் இருந்தும் அந்தப் பேரக்கூட கேள்விப்படல. இந்தக் கவிதைய நான் மெட்டீரியல்ல வாசிச்சப்ப எனக்கு ஒண்ணுமே ஒட்டல. ஏதோ மழை, ஏதோ சோகம், எதிரொலின்னு இருந்துச்சு. எங்க தெருவுல அரபிக் கல்லூரில முப்பது வருஷம் ஓதிக்கொடுத்து ரிட்டயர் ஆன ஆலிம்சா (மார்க்கம் படிச்ச அறிஞர்) ஒருத்தர் இருக்காரு. நெட்ல அரபு மூலத்த எடுத்து பிரிண்ட் போட்டு அஸர் தொழுதுட்டு அவர் வீட்டுத் திண்ணைல போய் உக்காந்தேன். நான் சின்ன வயசுல ஓதினதால எழுத்துக்கூட்டி வாசிப்பேன், அர்த்தம் தெரியாது. அவருக்கு அர்த்தம் தெரியும், ஆனா புதுக்காலத்துக் கவிதை எதுவும் அவரும் வாசிச்சதில்ல. மொத வரிலயே நிறுத்திட்டாரு.

"உன் கண்கள் விடியலின் இரு பேரீச்சந்தோப்புகள்"னு எங்க மெட்டீரியல்ல இருக்கு. மூலத்துல "ஸாஅத்தஸ் ஸஹர்". ஆலிம்சா கேட்டாரு, "ஸஹர்னா விடியலாடா? நோன்புக்கு எப்ப எந்திரிக்கிறே நீ?"ன்னு. ஸஹர் நேரம்னா எங்க வீட்டுல சின்னப்புள்ளைக்கும் தெரியும். கிழக்கு வெளுக்கிறதுக்கு முன்னாடி, கும்மிருட்டு, உம்மா அடுப்பு பத்தவைக்கிற நேரம். அந்த இருட்டுல நிக்கிற பேரீச்சந்தோப்பு மாதிரி கண்ணுன்னு சொல்றாரு சய்யாப், நாம வெளிச்சத்தப் போட்டு வச்சிருக்கோம். இங்கிலீஷ்ல டான் (dawn)னு போட்டிருப்பாங்க போல, அங்கேருந்து விடியல் ஆயிடுச்சு. தமிழ்லயே அந்தச் சொல் இருக்கு, தமிழ் பேசுற லட்சக்கணக்கான வீட்டுல வருஷா வருஷம் புழங்குது, ஆனா அது லண்டன் சுத்தி வந்தப்ப தொலைஞ்சு போச்சு.

அதுக்கப்புறம் நடுப்பகுதி. கவிதை சொல்றவன் வளைகுடாவப் பாத்து கத்துறான். "ஓ வளைகுடாவே, முத்தும் சிப்பியும் சாவும் தர்றவனே"ன்னு. எதிரொலி திரும்பி வருது, விம்மி அழுற மாதிரி. எங்க மெட்டீரியல்ல எதிரொலி வரியும் அச்சு அசலா அதேதான், "முத்தும் சிப்பியும் சாவும் தருபவனே". ஆலிம்சா மூலத்துல விரல வச்சுக் காட்டுனாரு. மொதத் தடவ "லுஃலுஃ, மஹார், ரதா", முத்து, சிப்பி, சாவு. எதிரொலில "மஹார், ரதா" மட்டும்தான். முத்து இல்ல. வேற ஒரு பிரதிலயும் தேடிப் பாத்தோம், அதுலயும் இல்ல. சய்யாப் வேணும்னே எடுத்திருக்காரு. மனுஷன் முத்துன்னு கூப்பிடுறான், கடல் பதில் சொல்றப்ப முத்த மட்டும் முழுங்கிட்டு சிப்பியையும் சாவையும் திருப்பிக் கொடுக்குது.

எங்க ஊரு மன்னார் வளைகுடா ஊருங்க. எங்க பாட்டன் பூட்டன் காலத்துல முத்துக்குளிச்ச ஊரு. ஒரு கூடை சிப்பி அள்ளிட்டு வந்து அழுகவச்சு அலசிப்பாத்தா முத்து இல்லாம வெறும் சிப்பியா போறது என்னன்னு எங்க ஆளுங்களுக்கு யாரும் நோட்ஸ் போட்டு விளக்க வேணாம். அந்த ஒரு சொல் விடுபட்டதப் பாத்தப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு. யாரோ ஒரு மொழிபெயர்ப்பாளரோ, டைப் அடிச்சவரோ, ப்ரூஃப் பாத்தவரோ "ஐயோ ஒரு வார்த்தை விட்டுப்போச்சே"ன்னு நல்ல மனசோட முத்த திருப்பி உள்ள போட்டிருக்காங்க. அதோட கவிதை செத்துப்போச்சு.

இன்னும் கேளுங்க. கொஞ்சம் கீழ வந்தா அந்த வளைகுடா மணல்ல என்னத்த கொண்டாந்து போடுதுன்னு வருது. உப்பு நுரை, சிப்பி, அப்புறம் மூழ்கிப்போன ஒரு ஏழை முஹாஜிரோட எலும்புல மிச்சம். பொழைக்கப் போனவனோட எலும்பு. இது 1954ல வந்த கவிதை. பொழைக்கப் போன ஒவ்வொரு ஊர்க்காரனும் வாசிக்க வேண்டிய வரி, எங்க மெட்டீரியல்ல இந்த இடம் மொத்தமா இல்ல, மூணு புள்ளி வச்சிருக்கு.

அடுத்து யாப்பு. மெட்டீரியல்ல "சய்யாப் அரபில் புதுக்கவிதையைத் தொடங்கியவர்களுள் ஒருவர்"னு ஒரு வரி. எக்ஸாம்லயும் ரெண்டு மார்க் கேள்வியா வந்துச்சு, நானும் அப்படியே எழுதி மார்க் வாங்கினேன், அது இப்ப உறுத்துது. அரபில "ஷிஅர் ஹுர்"னு சொல்றத அப்படியே பேர மட்டும் மொழிபெயர்த்தா சுதந்திரக் கவிதைன்னு வரும், அத நாம நம்ம புதுக்கவிதை மாதிரி யாப்பே இல்லாததுன்னு எடுத்துக்கிட்டோம். அது அப்படி இல்ல. பழைய அரபுக் கவிதைல ஒரு அடிக்கு ரெண்டு பாதி, ஒவ்வொரு அடிலயும் இத்தனை சீருன்னு கணக்கு, கவிதை முழுக்க ஒரே இயைபு. 1940கள் கடைசில ஈராக்குல நாஸிக் அல் மலாயிகாவும் சய்யாபும் செஞ்சது என்னன்னா சீர வச்சுக்கிட்டு, அடிக்கு இத்தனை சீருங்கிற கணக்க மட்டும் அவுத்து விட்டாங்க. மழைப்பாட்டு ரஜஸ்ங்கிற பழைய சந்தத்துலதான் ஓடுது, ஒரு அடி நீளமா வரும், அடுத்தது ரெண்டே சீருல நிக்கும். தமிழ் எம்.ஏ. படிக்கிற பசங்களுக்கு இத புரியவைக்க எங்கயும் போக வேணாங்க, இணைக்குறள் ஆசிரியப்பான்னு ஒரு வார்த்தை போதும். நடுவுல குறளடியும் (ரெண்டு சீர்) சிந்தடியும் (மூணு சீர்) வர்ற ஆசிரியப்பாவ நாங்க மொத செமஸ்டர்லயே படிச்சிருக்கோம், அச்சா அதேதான்னு சொல்லல, ஆனா பக்கத்துல வச்சுக் காட்டினா அஞ்சு நிமிஷத்துல புரியும். யாப்பையே விட்ட கவிதைக்கு அரபில வேற பேரு இருக்கு, கஸீதத்துன் நஸ்ர், உரைநடைக் கவிதை. பெய்ரூத்துல 1957ல தொடங்கின ஷிஅர் பத்திரிகைய சுத்தி அதோனிஸ், உன்ஸி அல் ஹாஜ் மாதிரி ஆளுங்க எழுதினது. ரெண்டுக்கும் நடுவுல பெரிய சண்டையே நடந்திருக்கு, நாஸிக்கே அத கவிதைன்னு ஒத்துக்கல. நம்ம ஊர்ல புதுக்கவிதை வந்தப்ப நடந்த சண்டைய படிக்கிற பசங்களுக்கு இந்தச் சண்டைய சொல்லிக்கொடுத்தா எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாருங்க.

நாஸிக்கோட "காலரா" கவிதை 1947. எகிப்துல காலரா வந்து ஜனங்க கொத்துக்கொத்தா செத்தப்ப பாக்தாத்துல இருந்துக்கிட்டு எழுதினது. மையத்துகள (பொணங்கள) ஏத்திட்டுப் போற வண்டிக் குதிரையோட குளம்புச் சத்தம் சந்தத்துல வரணும்னு எழுதினதா அவங்களே சொல்லியிருக்காங்க. அதுல "அல்மவ்த், அல்மவ்த், அல்மவ்த்"னு அடுக்கி வரும். சய்யாப்கிட்ட "மதர், மதர், மதர்", மழை மழை மழை. நான் ஆலிம்சாகிட்ட இத தமிழ்ல எப்படி சொல்றதுன்னு கேட்டேன். அவர் யோசிக்கவே இல்ல. "மவுத்து, மவுத்து, மவுத்து"ன்னாரு. எங்க வீடுகள்ல யாராவது இறந்தா சொல்ற அதே சொல். மரணம் மரணம்னு போட்டா குதிரை ஓடாதுங்க, மவுத்துன்னு போட்டா ஓடுது. எல்லா வாசகருக்கும் இது சரியா வருமான்னு நீங்க கேக்கலாம், நியாயமான கேள்விதான், வகுப்புல வச்சு அதப் பேசுங்கன்னுதான் கேக்குறேன். இந்த மாதிரி ஒரு வசதி இங்கிலீஷ்காரனுக்கு கிடையவே கிடையாது, நமக்கு இருக்கு, கைல இருக்கிறத தூக்கிப் போட்டுட்டு அவன் கொடுக்கிறத வாங்கிக்கிறோம்.

சொல் தொலையிறதுக்கு இன்னொரு உதாரணம், சூடான்காரர் தயீப் ஸாலிஹோட நாவல், 1966ல வந்துச்சு. தலைப்புல "ஹிஜ்ரா"ன்னு சொல் இருக்கு, "வடக்கு நோக்கி ஹிஜ்ரா போற பருவம்"னு வச்சுக்கலாம். இங்கிலீஷ்ல மைக்ரேஷன். அதிலேருந்து தமிழ்ல இடப்பெயர்ச்சி. ஹிஜ்ரத்னா எங்களுக்கு நபிகள் நாயகம் மக்காவ விட்டு மதீனா போனது, எங்க காலண்டரே அங்கேருந்துதான் தொடங்குது. அந்தச் சொல்ல லண்டனுக்குப் படிக்கப் போனவன் கதைக்கு ஒரு ஆசிரியர் வைக்கிறாருன்னா அதுல எவ்வளவு இருக்கு. சய்யாப் சொன்ன அந்த மூழ்கின முஹாஜிரும் இதே வேருதான்.

கனஃபானிக்கு வர்றேன். "சூரியனில் மனிதர்கள்", 1963. மூணு பாலஸ்தீனக்காரங்க, ஒரு கிழவரு, ஒரு இளவட்டம், பள்ளிக்கூடம் போற வயசுல ஒரு பையன், பஸ்ராலேருந்து குவைத்துக்குள்ள திருட்டுத்தனமா வேலைக்கு வர்றாங்க. காலியான தண்ணி டேங்கர் லாரிக்குள்ள ஒளிஞ்சு, ஆகஸ்ட் மாசம். குவைத்து பக்கம் முத்லா செக்போஸ்ட்டுல ஆபீசருங்க டிரைவர நிறுத்திவச்சு ஒரு ஆட்டக்காரியப் பத்தி கிண்டல் அடிச்சுட்டு இருக்காங்க, அந்த நேரத்துல உள்ள மூணு பேரும் செத்துப்போறாங்க. நான் அந்த ரோட்டுல போயிருக்கேங்க. அப்தலி தோட்டத்துலேருந்து காய் ஏத்திட்டு வர்றப்ப முத்லா தாண்டித்தான் வரணும். ஆகஸ்ட்ல மத்தியானம் வண்டிக் கதவு கைப்பிடிய ஈரத்துணி சுத்தாம தொட முடியாது, தொட்டா தோலு உரியும். பின்னாடி தகரம் அப்பப்ப டங் டங்குன்னு சூட்டுல தானா சத்தம் போடும். அந்த இரும்புக்குள்ள மூணு மனுஷன். இந்தப் பகுதிய நான் ராத்திரி வாசிச்சுட்டு பொழுது விடியிற வரை தூங்கல.

கடைசில டிரைவர் பொணத்த குப்பைமேட்டுல போட்டுட்டு கத்துறான், "ஏன் நீங்க டேங்கர் சுவத்துல தட்டல?"ன்னு. பாலைவனம் முழுக்க அதே கேள்விய திருப்பிச் சொல்லுது. எங்க மெட்டீரியல்ல என்ன இருக்குன்னா, "ஏன் நீ கதவைத் தட்டவில்லை?" சுவர் கதவாயிடுச்சு, சரி, போகட்டும்னு கூட விடலாம். "நீ" எப்படிங்க? அரபில "ததுக்கூ", தெளிவா பன்மை. இங்கிலீஷ்ல யூன்னா ஒருத்தரா பல பேரான்னு தெரியாது, அதான் தப்பு வந்திருக்கு. தமிழ்ல நீயும் இருக்கு நீங்களும் இருக்கு, நமக்கு அந்தக் குழப்பமே வரவேண்டியதில்ல. அந்தக் கேள்வி செத்த மூணு பேரையும் பாத்து கேக்குறது, அவங்க மூலமா ஒரு ஜனத்தையே பாத்து கேக்குறதுன்னு எத்தனையோ பேர் வாசிச்சிருக்காங்க. "நீ"ன்னு போட்டதும் அது ஒரு தனி ஆளோட முட்டாள்தனம் ஆயிடுது. கனஃபானி குவைத்துல வாத்தியாரா வேலை பாத்தவரு, 1972ல பெய்ரூத்துல கார்ல குண்டு வச்சு அவரையும் கூட இருந்த அக்கா மகளையும் கொன்னாங்க, 36 வயசு. அவர் எழுதின அந்த ஒரு கேள்விய ஒழுங்கா தமிழ்ல கொண்டுவர்றது அவ்வளவு கஷ்டமா?

இதுக்கு எக்ஸாம்ல வந்த கேள்வி, "இந்நாவல் பகுதி வழி அரபு நாடுகளின் சமூக நிலையை விளக்குக." பத்து மார்க். ஒவ்வொரு வருஷமும் இதே மாதிரிதான், அரபுப் பெண்களின் நிலை, அரபு நாடுகளின் நிலை. ரஷ்ய நாவலுக்கு பாத்திரப்படைப்பு கேக்குறீங்க, பிரெஞ்சு கவிதைக்கு படிமம் கேக்குறீங்க, அரபுன்னா மட்டும் நிலை. அந்த ஜனங்க நமக்கு தகவல் கொடுக்கவா எழுதினாங்க? எனக்கு இதுல கோவம் இருக்கு, மறைக்கல.

மொழிநடை பத்தியும் ஒரு வார்த்தை. அரபில ஏட்டு மொழி ஃபுஸ்ஹா, வீட்டு மொழி ஆம்மிய்யா, ரெண்டும் வேற வேற. 1988ல நோபல் வாங்கின எகிப்துக்காரர் நஜீப் மஹ்ஃபூஸ் கெய்ரோ சந்துல நடக்கிற சண்டையையும் ஃபுஸ்ஹாலதான் எழுதினாரு, அதே நாட்டு யூசுஃப் இத்ரீஸ் பேச்ச பேச்சாவே எழுதினாரு. நான் இந்த மடல பேசுற மாதிரி டைப் பண்றேன், விடைத்தாள்ல இப்படி எழுத முடியாது. இந்த ரெட்டை மொழி வாழ்க்கை நம்ம பசங்களுக்கு ரத்தத்துல ஊறினது. மஹ்ஃபூஸ் ஏன் அப்படி, இத்ரீஸ் ஏன் இப்படின்னு கேட்டா எங்க வகுப்புல பேசாதவன் கூட பேசுவான்.

இங்கிலீஷ் வழியா வந்ததெல்லாம் குப்பைன்னு நான் சொல்லவே இல்ல. இலங்கைல எம்.ஏ. நுஃமான் அவர்கள் எண்பதுகள் தொடக்கத்துலயே பலஸ்தீனக் கவிதைகள இங்கிலீஷ் வழியா கொண்டுவந்து தமிழ்ல ஒரு கதவையே திறந்துவிட்டாரு, அந்தக் கவிதைகள் இல்லன்னா தர்வீஷ் பேரு நம்மகிட்ட வந்திருக்குமான்னு தெரியல. நான் சொல்றது, எந்த வழியா வந்துச்சுன்னு மறைக்காதீங்க. ஒவ்வொரு பாடத்துக்கும் கீழ மொழிபெயர்த்தவர் பேரு, எந்த மொழிலேருந்து, மூலத்தோட அரபுத் தலைப்பு தமிழ் எழுத்துல, வந்த வருஷம், இந்த நாலும் அச்சாகணும். ஏதாவது ஒரு கவிதைக்காவது ரெண்டு மொழிபெயர்ப்ப பக்கத்துல பக்கத்துல போடுங்க, எது எங்க வேறுபடுதுன்னு பசங்கள பாக்க விடுங்க, அதையே பத்து மார்க் கேள்வியா வைங்க. தர்வீஷ்னா 1964 அடையாள அட்டையோட நின்னுடாதீங்க, அவர் 2008ல சாகுற வரை எழுதிட்டே இருந்தவரு, ரமல்லா முற்றுகைல இருந்து 2002ல எழுதினது இருக்கு. ஓமான் நாட்டு ஜோகா அல்ஹார்தி 2019ல இன்டர்நேஷனல் புக்கர் வாங்கினாங்க, அரபு எழுத்தாளர்கள்ல அவங்கதான் மொத ஆளு, அவங்க பேராவது பாடத்துல வரணும். அப்புறம் பக்கத்து ஊர் அரபிக் கல்லூரிலேருந்து ஒரு ஆலிம்சாவ வருஷத்துல ரெண்டு வகுப்புக்குக் கூப்பிடுங்க. பயணப்படி கூட கேக்கமாட்டாங்க. நம்ம ஜில்லாவுலயே எத்தனை பேர் அந்த மொழில கரைகண்டவங்க இருக்காங்க, அவங்கள யாரும் இலக்கியத்துக்குன்னு கூப்பிட்டதே இல்ல. எங்க ஆலிம்சா எழுபது வயசுல சய்யாப வாசிச்சுட்டு, "இவ்வளவு நாளா எனக்கு இதெல்லாம் யாரும் காட்டலையேடா"ன்னு சொன்னாரு.

பாடத்திட்டம் மாத்துற மீட்டிங் வரப்போகுதுன்னு கேள்விப்பட்டேன். மழைப்பாட்டு முழுசையும் ஆலிம்சா கைப்பட அரபில எழுதி, ஒவ்வொரு வரிக்கும் கீழ சொல்லுக்குச் சொல் அர்த்தமும் அதுக்குக் கீழ நாங்க ரெண்டு பேரும் சேந்து செஞ்ச தமிழும் எழுதி வச்சிருக்கோம், பதினாலு பக்கம். கூப்பிட்டா ரெண்டு பேரும் பஸ் ஏறி வந்துடுவோம், இல்லன்னா கொரியர்ல அனுப்புறேன். ஒண்ணே ஒண்ணு, டைப்புக்குக் கொடுக்கும்போது சொல்லிடுங்க, ஒம்பதாம் பக்கத்துல எதிரொலி வர்ற இடத்துல முத்து இருக்காது. விட்டுப்போச்சுன்னு நினைச்சு சேத்துடாதீங்க.

இப்படிக்கு,
தொலைதூரக் கல்வி மாணவன்,
கீழக்கரை